குளிசையைக் குறைக்கும் காலத்தில் நித்திரைப் பரிசோதனை செய்யலாமா?

வாசகி கேட்டது:

எனக்கு வயது 52. ஊர் மருதமுனை. வீட்டிலேயே தறி இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் கணவர் மௌத்தான பிறகு நித்திரை வராமல் குளோனசெபாம் குடிக்கத் தொடங்கினேன். கூடிக்கூடி ஒரு மில்லிகிராமில் வந்து நின்றது. இரண்டு மாதமாகக் கிளினிக்கில் குறைக்கிறார்கள். முதலில் 0.75, பிறகு 0.5. இப்போது இரவு 9 மணிக்குப் படுத்தாலும் நான்கு மணிநேரம் நித்திரை வந்தாலே பெரிது. சில நாள் இரண்டு மணிநேரம்தான். கால் உளைகிறது. தடிமனுக்குப் போடும் பிரிட்டன் குளிசை ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன், சரிவரவில்லை. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரம் "ஆழ்ந்த நித்திரை 14 நிமிடம்" என்று காட்டுகிறது. கொழும்புக்குப் போய் ஸ்லீப் டெஸ்ட் செய்யுங்கள், காசு அனுப்புகிறேன் என்கிறார் மகன். அதைச் செய்தால் குளிசையால் மூளை கெட்டுவிட்டதா என்று தெரியுமா? டெஸ்டுக்கு முன் குளிசையை முழுதாக விட வேண்டுமா? நான் குறட்டை விடுவதாகத் தங்கச்சி சொல்கிறாள், அது வேறு விஷயம்.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. எந்தப் பரிசோதனைக்காகவும் குளோனசெபாமைத் திடீரென்று விடாதீர்கள். அது வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து. ஆறு வருடம் அது மூளையின் அமைதிப்படுத்தும் வேலையைச் செய்து வந்ததால், மூளை தன் சொந்த ஏற்பாட்டைத் தளர்த்தி வைத்திருக்கிறது. மருந்தை ஒரேயடியாக எடுத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். நடுக்கம், படபடப்பு மட்டுமல்ல, இதுவரை வலிப்பே வராதவருக்கும் வலிப்பு வரலாம். "டெஸ்டுக்கு இரண்டு கிழமை முன்பே நித்திரைக் குளிசைகளை நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால், அது பகலில் அடக்க முடியாமல் நித்திரை வரும் நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் வேறொரு பரிசோதனைக்கான நிபந்தனை. உங்களுக்கு அது தேவையில்லை. பரிசோதனை இரவிலும் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவைக் குடியுங்கள். படிவத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் குறைக்கத் தொடங்கிய திகதியையும் எழுதிக் கொடுங்கள். அந்த இரவின் வரைபடத்தை வாசிப்பவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

நித்திரைப் பரிசோதனை என்பது என்ன? தலையில் ஆறு எட்டு இடங்களில் பசை வைத்து மின்வாய்கள் ஒட்டுவார்கள். கண்ணோரம் இரண்டு, நாடியில் இரண்டு மூன்று, நெஞ்சில், இரண்டு கெண்டைக்காலின் முன்பக்கத்திலும் ஒவ்வொன்று. மூக்குத் துவாரத்தில் மெல்லிய குழாய், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒவ்வொரு பட்டி, விரலில் ஒட்சிசன் அளவிடும் கவ்வி. மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம், மூச்சு, ஒட்சிசன், கால் உதறல் எல்லாம் இரவு முழுதும் ஒரே நேரத்தில் பதிவாகும். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவதையும் கால் உதறுவதையும் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் நித்திரை வரவில்லை என்ற முறைப்பாட்டுக்கு மட்டும் இதைச் செய்வது வழக்கமில்லை. நித்திரையின்மையை வைத்தியர் உங்கள் வாயால் கேட்டும் நாட்குறிப்பைப் பார்த்தும்தான் முடிவு செய்கிறார். யந்திரம் "நேற்றிரவு மூன்று மணிநேரம் நித்திரை கொண்டார்" என்று காட்டினால் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. அறிமுகமில்லாத கட்டிலில், உடம்பெல்லாம் வயரோடு படுக்கும் முதல் இரவு நல்ல நித்திரைக்காரருக்கே குழம்பும்.

மூளை கெட்டதா என்ற கேள்விக்கு இந்தப் பரிசோதனையில் விடை கிடையாது. குளோனசெபாம் குடிக்கும்போது ஆழ்ந்த நித்திரையின் பெரிய மெல்லலைகள் குறைந்து, இலேசான நித்திரையின் பங்கு கூடும். வேகமான சிற்றலைகளும் அதிகமாகத் தெரியும். மருந்தைக் குறைக்கும்போது அதுவரை அடங்கியிருந்த கனவு நித்திரை மீறிக்கொண்டு வரும். வாசகர்கள் பலர் இந்தக் காலத்தில் பயங்கரக் கனவு வருவதாக எழுதுவதற்குக் காரணம் அதுதான். இவையெல்லாம் மருந்து வருவதன், போவதன் அடையாளங்கள். சேதத்தின் அடையாளங்கள் அல்ல. பாவு பாதி மாறிய தறியில் ஒரு முழம் நெய்துவிட்டு, இதுதான் என் துணியின் தரம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். உங்கள் நித்திரையின் உண்மையான வடிவம் மருந்து முழுதாக விட்டுச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

அப்படியானால் பரிசோதனை வேண்டாமா? உங்கள் கடிதத்தின் கடைசி வரி இல்லாவிட்டால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். குறட்டையை "அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவேதான் விஷயமாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பிறகு பெண்களுக்கு நித்திரையில் மூச்சடைப்பு கூடுகிறது. ஆண்களைப் போல் பகலெல்லாம் தூங்கி விழாமல், "இரவில் நித்திரை இல்லை, அடிக்கடி விழிப்பு, காலையில் தலைப்பாரம், அலுப்பு" என்றுதான் பெண்கள் பலர் சொல்வார்கள். அதனால் அது தவறிப்போய், நித்திரைக் குளிசையில் முடியும். குளோனசெபாம் தொண்டைத் தசையைத் தளர்த்தும், விழித்தெழும் உணர்வையும் மந்தமாக்கும். ஆகவே மூச்சடைப்பு உள்ளவருக்கு அது பொருத்தமான மருந்தல்ல. இப்போது நடுச்சாமத்தில் வரும் விழிப்பு எல்லாம் குளிசையைக் குறைப்பதால் வருவதாக இருக்க வேண்டியதில்லை. சில விழிப்பு மூச்சுக்காக உடம்பு எழுப்புவதாகவும் இருக்கலாம்.

தங்கச்சியிடம் குறிப்பாகக் கேளுங்கள். குறட்டை மூடிய கதவுக்கு வெளியே கேட்கிறதா? நடுவில் சத்தம் நின்று, பிறகு மூச்சுத் திணறியது போல் ஒரு இழுப்போடு தொடங்குகிறதா? கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்து இரண்டு இரவு ஒலிப்பதிவு செய்தால் வைத்தியருக்கு அது பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும். இரத்த அழுத்தம் அளந்து எழுதுங்கள். தையல் நாடாவால் கழுத்தின் சுற்றளவை அளந்து பாருங்கள், 40 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். வயது 50 தாண்டியது ஒன்று, பெரிய குறட்டை ஒன்று, பகல் அலுப்பு ஒன்று, உயர் இரத்த அழுத்தம் ஒன்று என்று எண்ணிப் பார்த்து மூன்று தேறினாலே பரிசோதிப்பது நியாயம். இந்தப் பரிசோதனைக்குக் குளிசை முழுதாக விடும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மூச்சடைப்பு இருந்தால் அதை இப்போதே அறிவது நல்லது.

கொழும்புக்குப் போவதற்கு முன், குளிசையைக் குறைக்கும் வைத்தியரிடமே சுவாச நோய் நிபுணருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ பார்த்துவிட்டு, எந்தப் பரிசோதனை, எங்கே என்று அவர் சொல்லட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கும் சிறிய கருவி ஒன்று உண்டு: மூக்குக் குழாய், நெஞ்சுப் பட்டி, விரல் கவ்வி மட்டும். விலை குறைவு, பயணம் மிச்சம். ஆனால் நித்திரை வராதவருக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது, அதை மகனுக்கும் விளங்கப்படுத்துங்கள்.

அந்தக் கருவி மூளை அலையைப் பார்ப்பதில்லை. நீங்கள் விழித்துக் கிடந்ததா, நித்திரையா என்று அதற்குத் தெரியாது. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்ற அல்லது குன்றிய தடவைகளை எண்ணி, கருவி ஓடிய மணிநேரத்தால் பிரித்துவிடும். உதாரணமாக 8 மணிநேரம் ஓடியது, 32 தடவை மூச்சு தடைப்பட்டது என்று வைப்போம். 32ஐ 8ஆல் பிரித்தால் மணிக்கு 4. ஐந்துக்குக் கீழே, ஆகவே "சாதாரணம்" என்று அறிக்கை வரும். ஆனால் நீங்கள் நித்திரை கொண்டது 4 மணிநேரம்தான். உண்மையான கணக்கு மணிக்கு 8. அது இலேசான மூச்சடைப்பு. 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. ஆகவே வீட்டுக் கருவி "இருக்கிறது" என்று சொன்னால் நம்பலாம். "இல்லை" என்று சொன்னால், குறட்டையும் திணறலும் தொடர்ந்தால், அத்தோடு விடாமல் வைத்தியசாலையில் ஓரிரவு படுத்துச் செய்யும் முழுப் பரிசோதனையைக் கேளுங்கள். மூக்குக் குழாய் நழுவி, விரல் கவ்வி கழன்று, நல்ல பதிவு நான்கு மணிநேரத்துக்குக் குறைந்தால் அந்த அறிக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டாம், மறுபடி செய்ய வேண்டும். குழாயைக் கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு படுப்பது நல்லது. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் மீட்டரை நடுச்சாமத்தில் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அதை மாட்டும்போது நீங்கள் விழித்திருக்கிறீர்கள்.

அடுத்தது கால் உளைச்சல். இது வேலை அலுப்பு நோவா, வேறா என்று பிரித்தறிய வேண்டும். படுத்ததும் தொடங்கி, காலுக்குள் ஏதோ ஊர்வது போல் இருந்து, அசைத்தால் அல்லது எழுந்து நடந்தால் விட்டுப்போய், மறுபடி படுத்தால் வந்து, காலையில் இல்லாமலே போகிறது என்றால் அது அமைதியற்ற கால் நோய். குளோனசெபாம் அந்த வேதனையை மூடி வைத்திருக்கும். அளவு குறையும்போது மூடி திறக்கும். அதற்கு மேல் நீங்கள் போடும் பிரிட்டன், அதாவது குளோர்பெனிரமின், இந்தக் கால் வேதனையைக் கூட்டும் மருந்துகளில் ஒன்று. நித்திரைக்கென்று போட்ட குளிசையே நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருக்கக் கூடும். அதை இன்றிரவே நிறுத்துங்கள். இதைத் திடீரென்று விடுவதில் பயமில்லை. தடிமன் பாணிகளிலும் இதே வகை மருந்து இருக்கும், பார்த்து வாங்குங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிற்றிரிப்ரிலினும் மிர்ட்டசபினும் இப்படியே கால் வேதனையைக் கூட்டலாம். நித்திரைக்கு அவற்றை எழுதித் தந்தால் கால் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

இரத்தத்தில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். ஆய்வுகூடத் தாளில் "சாதாரணம்" என்று 20, 30 கூட அச்சாகி வரும். கால் நோய்க்கு அது போதாது. 75க்குக் கீழே என்றால் இரும்பு கொடுப்பதைப் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணிநேரம் தள்ளி வையுங்கள், தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. தைரொயிட்டும் சீனியும் அதே இரத்தத்தில் பார்க்கலாம்.

கைக்கடிகாரத்தை இரவில் கழற்றி வையுங்கள். அது பார்ப்பது பெரும்பாலும் மணிக்கட்டு அசைவையும் நாடித்துடிப்பையும்தான். அசையாமல் விழித்துக் கிடந்தால் நித்திரை என்று எழுதும். 14 நிமிடம் என்பது அளவீடு அல்ல, ஊகம். அந்த இலக்கத்தைக் காலையில் பார்த்து மனம் உடைவதுதான் அதனால் வரும் பலன்.

இனி குறைக்கும் வேகம். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒவ்வொரு தடவையும் 0.25 குறைத்திருக்கிறார்கள். பார்வைக்கு ஒரே அளவு. ஆனால் 1இலிருந்து 0.75க்கு வருவது நான்கில் ஒரு பங்கு. 0.75இலிருந்து 0.5க்கு வருவது மூன்றில் ஒரு பங்கு. அடுத்து 0.25க்குப் போனால் சரிபாதி. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு படியும் உயரமாகிறது. கடைசிப் படிகளில் பலர் விழுவது மனவுறுதி இல்லாததால் அல்ல, இந்தக் கணக்கால். பல வருடம் குடித்தவருக்கு, அப்போது குடிக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம், இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை குறைப்பதுதான் தாங்கக்கூடிய வேகம். இப்போது 0.5இலேயே ஒரு மாதம் நிற்கலாமா என்று கேளுங்கள். மறுபடி ஒரு மில்லிகிராமுக்கு ஏறுவதைவிட நின்ற இடத்தில் நிற்பது நல்லது. 0.5 குளிசையை நாலாக வெட்டினாலும் ஒரு துண்டு 0.125, அதுவே 25 சதவீதம். அதற்கும் சிறிதாகச் சமையலறைக் கத்தியால் வெட்டினால் தூளாகி, ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று போகும். சிறிய அளவு தேவைப்பட்டால், அதே வகை மருந்தான டயசெபாமின் சமமான அளவுக்கு மாற்றி அங்கிருந்து ஒரு மில்லிகிராமாகக் குறைக்கும் வழி உண்டு. 0.5 குளோனசெபாமுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயசெபாம் என்று பரவலாகப் பயன்படும் அட்டவணை சொல்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபடும். மூச்சடைப்பு உறுதியானால் இன்னும் யோசிக்க வேண்டும். அதனால் இது வைத்தியரின் முடிவு, வீட்டில் செய்யும் கணக்கல்ல.

இன்னொன்று: குளோனசெபாம் உடம்பில் பாதியாகக் குறைய 30, 40 மணிநேரம் எடுக்கும். இன்று குறைத்ததன் முழு விளைவு ஒரு கிழமை கழித்துத்தான் வரும். குறைத்த மறுநாள் நன்றாக நித்திரை வந்தால் "தேவையே இல்லை" என்று அடுத்த படியை இறங்குவதும், ஐந்தாம் நாள் நித்திரை கெட்டால் "நோய் திரும்பிவிட்டது" என்று பதறுவதும் இரண்டும் பிழை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிப்பதும் வேண்டாம்.

நித்திரை நாட்குறிப்பு இரண்டு கிழமை எழுதுங்கள். மணிக்கூட்டைப் பார்த்தல்ல, காலையில் நினைவிலிருந்து. படுத்த நேரம், நித்திரை வந்தது என்று நினைக்கும் நேரம், எத்தனை தடவை விழிப்பு, கடைசியாக எழுந்த நேரம், குளிசை அளவு, பகல் நித்திரை. பரிசோதனையைவிட இதில்தான் உங்கள் மருத்துவம் இருக்கிறது. ஒன்பதுக்குப் படுத்து 4.45க்குச் சுபஹுக்கு எழுந்தால் கட்டிலில் 7 மணி 45 நிமிடம். நித்திரை நான்கு நான்கரை. மீதி மூன்று மணிநேரத்துக்கு மேல் புரண்டு கிடப்பதைக் கட்டில் பழகிவிட்டது. சுபஹு நேரம் உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி, விழிப்பு நேரத்தை யாரும் புதிதாக நிர்ணயிக்கத் தேவையில்லை. அதை அசைக்காமல் வைத்து, படுக்கும் நேரத்தை 11.15க்குத் தள்ளுங்கள். ஐந்தரை மணிநேரம். நித்திரையின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் ஐந்து வரை இறக்குவதுண்டு. ஆனால் இந்த மருந்தைக் குறைக்கும்போது அதிக விழிப்பு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் ஐந்தரைக்குக் கீழே வேண்டாம். வலிப்போ, மனம் மிகையாக எழும்பும் நோயோ (இருமுனை நோய்) முன்பு இருந்திருந்தால் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம். ஒரு கிழமைச் சராசரி 4 மணி 40 நிமிடத்தைத் தொட்டால், அதாவது கட்டிலில் இருந்த நேரத்தில் 85 சதவீதம் நித்திரையானால், படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னுக்கு எடுங்கள்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, சுபஹு தொழுதுவிட்டு "ஒரு கண் அயரலாம்" என்று சாய்வது. மற்றது, பகல் சோற்றுக்குப் பிறகு ஹோலில் பாயைப் போடுவது. இரண்டும் அந்த இரவுக்கான நித்திரையை முன்கூட்டியே செலவழிப்பவை. தாங்க முடியாவிட்டால் பகல் ஒரு மணிக்கு முன், மணியடிக்க வைத்து இருபது நிமிடம். முதல் இரண்டு கிழமை பகலில் தூக்கம் அதிகமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம். குறைப்பையும் இந்த முறையையும் சேர்த்துச் செய்தவர்கள், வெறுமனே குறைத்தவர்களைவிடக் கூடுதலாகக் குளிசையை விட்டிருக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் கண்டது.

கொழும்பில் முழுப் பரிசோதனை என்று முடிவானால் இரவு பஸ்ஸில் போய் அன்றிரவே படுக்காதீர்கள். பஸ்ஸில் விழித்திருந்த இரவின் கடன் பரிசோதனை இரவில் தீரும், வரைபடம் மாறிவிடும். ஒரு நாள் முந்திப் போய்த் தங்குங்கள். அன்று காலை தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். எண்ணெய்த் தலையில் மின்வாய் ஒட்டாது, நடுச்சாமத்தில் வந்து மறுபடி ஒட்டுவார்கள். விரலில் கறுப்பு மருதோன்றி இருந்தால் ஒட்சிசன் கவ்வி பிழையாகக் காட்டலாம், ஒரு விரலையாவது வெறுமனே விடுங்கள். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு தேநீர் வேண்டாம். பெண் தொழில்நுட்பவியலாளர் இருக்கிறாரா, தங்கச்சி கூட இருக்கலாமா, கமெரா எப்படி என்று நாள் எடுக்கும்போதே கேளுங்கள். தலையில் ஒட்டிய பிறகு தளர்வான பருத்தித் துணியைப் போர்த்திக்கொள்ளலாம், இறுக்கிக் கட்டினால்தான் வயர் கழரும். இஷாவை ஒட்டுவதற்கு முன்பே தொழுதுவிட்டு, சுபஹுக்கு எத்தனை மணிக்குக் கழற்ற வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். மூச்சடைப்பு உறுதியாகி, மூச்சுப் பாதை அடையாமல் காற்றை ஊதும் முகமூடி யந்திரம் தந்தால், அதற்குப் பழகும் முதல் சில கிழமை குளிசையை மேலும் குறைக்காமல் அதே அளவிலேயே வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சுமந்தால் இரண்டையும் கைவிட நேரும்.

குறைக்கும் காலத்தில் வலிப்பு, ஆள் இடம் தெரியாத குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சலோடு கடும் நடுக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்க்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்சில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதைத் தங்கச்சிக்கும் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் அழைக்கப்போவது அவர்தான். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் நடுச்சாமத்தில் வந்தால் 1926 மனநலச் சேவை இலக்கத்தில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு நாட்குறிப்பையும் குறட்டை ஒலிப்பதிவையும் கொண்டுபோங்கள். நித்திரை வரவில்லை என்று தொடங்காதீர்கள், அப்படித் தொடங்கினால் பேச்சு குளிசையிலேயே முடிந்துவிடும். குறட்டை, கால், 0.5இல் நிற்பது, இந்த ஒழுங்கில் கேளுங்கள்.